வெளித்தண்ணி

"பேசும்போது ரொம்பச் சிரிக்காத இலக்கியா," என்றான் சிவபிரகாஷ், கார் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே. "தப்பா எடுத்துக்காத. பல்லுதான் கண்ணுக்குத் தெரியுது. மருந்தை யாரும் பாக்க மாட்டேங்கறாங்க."

அவள் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

முன்பற்கள் நான்கிலும் குறுக்கே பழுப்புக் கோடுகள். பிறந்து வளர்ந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். ஆழ்குழாய்த் தண்ணீரில் இருந்த ஃபுளூரைடு, பல் ஈறுக்குள் இருக்கும்போதே வேலையை முடித்துவிட்டிருந்தது. படிப்பை முடிக்கும்வரை அது ஒரு குறை என்றே அவளுக்குத் தெரியாது. நேர்முகத் தேர்வுகளில் எதிரே உட்கார்ந்தவர்களின் பார்வை உதட்டுக்கு இறங்கி ஏறியபோதுதான் தெரிந்தது. ஏழு நேர்முகத் தேர்வு. ஏழிலும் "சொல்லி அனுப்பறோம்."

எம்.எஸ்சி., நானோ அறிவியல். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படிப்பின் பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள், "நானோவா? அந்தக் குட்டிக் காரா?" என்றார்கள். முதல் பத்துப் பேருக்குப் பொறுமையாக விளக்கினாள். பதினோராவது ஆளிடம், "ஆமா, காருதான். பஞ்சர் ஒட்டற படிப்பு" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் வீட்டில் கிடந்த பிறகு நாமக்கல்லில் கிடைத்த வேலை இது. கம்பெனி என்றால் இரண்டு அறை. ஒன்றில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி, இன்னொன்றில் சிவபிரகாஷின் மேசை. செய்வது ஒரே சரக்கு, 'நானோ கவசம்'. வெள்ளியின் நுண்துகள் கலந்த தேன்நிறத் திரவம். கோழி குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு இத்தனை மில்லி என்று கலந்துவிட்டால் கிருமி சாகும் என்று லேபிள் சொல்லும். மூன்று மாதம் தற்காலிக வேலை. இன்றோடு அந்த மூன்று மாதம் முடிகிறது.

"தண்டாயுதபாணி ஆர்டர்ல கையெழுத்துப் போட்டா, உன் வேலை ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடறேன். இல்லைனா என்னால உன்னை வெச்சிருக்க முடியாது. நேராவே சொல்லிட்டேன்," என்றான் சிவபிரகாஷ்.

நேராகச் சொன்னதற்காக அவளால் அவனை வெறுக்க முடியவில்லை. பல்லுக்காகத்தான் முடிந்தது.

கார் புதுச்சத்திரத்தைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கியது. அவள் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்தாள். தண்டாயுதபாணிக்கு நாற்பதாயிரம் முட்டைக்கோழி. அவர் ஒரு மருந்தை வாங்கினால் சுற்று வட்டாரத்தில் இருபது பண்ணைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அதைவிட அவளை உறுத்தியது வேறு. அந்தப் பண்ணை வாசலில் நிற்கும் ஆள் அவளுடைய அப்பா சடையன். இரண்டு வருடமாக அங்கேதான் வேலை, பண்ணையில் வேலையாட்களுக்கான லைன் வீட்டில்தான் குடியிருப்பு. இலக்கியா நாமக்கல்லில் மகளிர் விடுதியில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போன வாரம் பேச்சுவாக்கில் அப்பா வேலை செய்யும் இடத்தைச் சொன்னபோது சிவபிரகாஷ் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான். "அட, இத்தனை நாள் சொல்லவே இல்ல!"

போன் அதிர்ந்தது. திரையில் 'குமாரசாமி, சேந்தமங்கலம்'. இரண்டு மாதம் முன்பு சரக்கு வாங்கியவர். "உங்க மருந்து தொட்டிக்கு அடியில சாம்பலாத் தூங்குதும்மா" என்று போன வாரம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எடுக்காத. அந்தாளு அளவு தெரியாமப் போட்டிருப்பான்," என்றான் சிவபிரகாஷ்.

அவள் எடுக்கவில்லை. அதிர்ந்து அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. பையின் அடியில் போட்டாள்.

பண்ணைக் கேட்டில் சாலையின் குறுக்கே ஒரு சிமெண்டுக் குழி. ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர். எந்த வண்டியும் அதில் சக்கரத்தை நனைக்காமல் உள்ளே போக முடியாது. மனிதர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னத் தொட்டி, செருப்போடு மிதித்துவிட்டுப் போக. ஒரு பண்ணையின் சீக்கு இன்னொரு பண்ணைக்குச் செருப்பில்தான் நடந்து போகும் என்பது இந்தப் பக்கத்துச் சட்டம். வெளியிலிருந்து வரும் கார்கள் குழிக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும்.

காக்கிச் சட்டையும் முதுகில் மருந்துத் தெளிப்பானுமாக சடையன் வந்தார். விரல்களெல்லாம் மருந்துக் கறை ஏறிப் பழுப்பாக இருந்தன. மகளைப் பார்த்ததும் முகம் விரிந்தது. பிறகு சிவபிரகாஷைப் பார்த்துச் சுருங்கி, அளவுக்கு வந்தது.

"வாங்க சார். வாங்க மேடம், தொட்டிய மிதிச்சுக்கங்க."

"அப்பா, விளையாடாத."

"விளையாட்டில்லீங்க மேடம். கலெக்டரே வந்தாலும் காலை நனைச்சுட்டுத்தான் போவோணும்." குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டியா சாமி?"

"சாப்பிட்டேன்." சாப்பிடவில்லை.

கார் டிக்கியில் கண்ணாடி ஜாடிகள், லேசர் விளக்கு, மருந்துப் பாட்டில், இருபது லிட்டர் தண்ணீர்க் கேன். செய்முறை விளக்கத்துக்கான தண்ணீர். காலையில் இலக்கியாவே காய்ச்சி வடித்த தண்ணீரை நிரப்பி எடுத்து வைத்தது. இதுவரை மருந்து விற்ற ஒன்பது பண்ணைக்கும் அப்படித்தான் நிரப்பினாள். கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் ஐந்து வருடம் குடுவை கழுவுவதற்குக்கூட அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் என்றால் அதுதான் தண்ணீர் என்று அவள் கை பழகிப்போயிருந்தது.

"நீங்க முன்னாடி போங்க. சாமானெல்லாம் தொடச்சு நாங் கொண்டாறேன்," என்றார் சடையன்.

தீவன மில்லின் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் தண்டாயுதபாணி, அறுபது வயது, வழுக்கைத் தலை, வெள்ளைப் பனியன். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மூன்று பேர். கோழிக் கொட்டகையிலிருந்து ஓயாத கேறல். அந்தச் சத்தத்துக்கு மேலே பேச வேண்டும். சிரிக்காமல் பேச வேண்டும்.

"மக்காச்சோளத்தை ஏனுங்க உடைச்சுப் போடறீங்க? முழுசாவே போடலாமில்ல?" என்று ஆரம்பித்தாள்.

"முழுசாப் போட்டா செரிக்காது அம்மிணி," என்றார் தண்டாயுதபாணி.

"ஏன்? சோளம் அதே சோளம்தானுங்களே?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் யோசித்தார். "உடைச்சா உள்பக்கமெல்லாம் வெளிய வந்துருதில்ல."

"அவ்வளவுதானுங்க சங்கதி. உடைக்க உடைக்க வெளிப்பக்கம் கூடிக்கிட்டே போகுது. ஒரு கொலுசு வெள்ளி தண்ணிக்குள்ள கெடந்தா மேல்பக்கம் மட்டுந்தான் தண்ணியத் தொடும். அதையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உடைச்சா? எடை அதேதான். ஆனா தண்ணியத் தொடற பரப்பு பல ஆயிரம் மடங்கு. ஒரு தலைமுடியோட தடிமனுக்குள்ள இதுல நாலாயிரம் துகளை வரிசையா நிறுத்தலாமுங்க."

"யாரு தலைமுடி? தண்டபாணிகிட்டக் கேக்காத, அவருகிட்ட ஸ்டாக் இல்ல," என்றார் ஓரத்துக்காரர். தண்டாயுதபாணியே முதலில் சிரித்தார். இலக்கியா உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"வெள்ளிங்கற, மஞ்சளா இருக்குது? கலப்படமா?"

"இல்லீங்க. அத்தனை சின்னதாப் போயிட்டா வெள்ளி வெள்ளியா நடந்துக்காது. வெளிச்சத்துல இருக்கற நீலத்தை அது புடிச்சு வெச்சுக்கும். மிச்சம் வர்றது நம்ம கண்ணுக்கு மஞ்சளாத் தெரியும். துகள் பெருசாச்சுன்னா கலர் மாறும். கலரை வெச்சே அது என்ன அளவுல இருக்குதுன்னு சொல்லிரலாம்."

இந்த இடம் வரும்போதெல்லாம் அவளுக்கு முழங்கால் ஆட்டம் நிற்கும். யாரும் இதை அவளிடமிருந்து பிடுங்க முடியாது. இது அவளுக்கு நிஜமாகவே தெரியும்.

"இது முட்டைக்குள்ள போகுமா?" என்றார் தண்டாயுதபாணி திடீரென்று.

"சான்ஸே இல்லீங்க," என்றான் சிவபிரகாஷ், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அது அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

சடையன் கேனைத் தோளில் தூக்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு, தூணோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் பேசுவதை முதலாளி கேட்டுக்கொண்டிருப்பதை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. இலக்கியா ஜாடியில் தண்ணீரை நிரப்பினாள். மருந்தை அளந்து ஊற்றினாள். தங்க நூல் போல இறங்கி, பரவி, ஜாடி முழுக்க இளமஞ்சள் ஆனது. லேசரை அடித்தாள். தண்ணீருக்குள் சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

"வெறும் தண்ணியில இந்தக் கோடு தெரியாதுங்க. துகள் இருக்கறதாலதான்..."

கோடு தடித்தது. அவள் பேச்சை நிறுத்தினாள். கோடு ஏன் தடிக்கிறது? மஞ்சள் மங்கியது. ஓரத்திலிருந்து அழுக்கேறியது போல, முதலில் பச்சை கலந்தாற்போல, பிறகு சாம்பல். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஜாடியில் இப்போது இருந்தது மாட்டுக்கு வைக்கும் கழுநீர்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. துகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

"பாத்தீங்களா!" என்று சிவபிரகாஷ் கைதட்டினான். "வேலை செய்யுது! தண்ணியில இருக்கற கிருமியெல்லாம் புடிச்சு இழுத்துட்டு வருது பாருங்க."

தண்டாயுதபாணியின் முகம் மாறியது. "கிருமியா? கேன்ல இருக்கறது நீங்க கொண்டாந்த தண்ணி. அப்ப என்ற பண்ணைக்குள்ள கிருமித் தண்ணியவா கொண்டாந்தீங்க?"

"இல்லீங்க மொதலாளி," என்றார் சடையன் தூணோரத்திலிருந்து. குரலில் பெருமை. "வெளித்தண்ணிய உள்ள உடுவனா? கேட்டுலயே கொட்டிட்டு, கேனக் கழுவி, நம்ம கொழாயில புடிச்சுக் கொண்டாந்தேன். நீங்க சொன்ன மொறைதானுங்க."

இலக்கியா அப்பாவைப் பார்த்தாள். தண்ணீர். ஆயிரத்து நூறு அடியிலிருந்து வரும் உப்புத் தண்ணீர். அவள் பல்லில் கோடு போட்டது போன்ற தண்ணீர். இருபத்து நாலு வருடம் குடித்துவிட்டு, ஒன்பது பண்ணையில் ஒரு தடவைகூட அதை ஜாடியில் ஊற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

"அப்ப என்ற தண்ணியிலயா கிருமி?" என்று தண்டாயுதபாணி எழுந்தார்.

"அதானே பாத்தேன்!" சிவபிரகாஷ் அவரைவிட வேகமாக எழுந்தான். "உங்க தண்ணியில ஒண்ணுமில்லீங்க. இவரு கையப் பாருங்க, மருந்துக் கறை. அந்தக் கையோட கேனைக் கழுவியிருக்காரு. மருந்து மேல மருந்து பட்டா இப்படித்தான் கருகும். நாளைக்கு வேற கேன் கொண்டாந்து தங்கமாட்டம் மஞ்சளாக் காட்டறேன். சொல்லு இலக்கியா, நீதானே சயின்ஸ்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அப்பாவும்.

அந்தப் பார்வையில் பயம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இருந்தது அனுமதி. சொல்லிக்கோ சாமி என்றது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கட்டிய கையை அவிழ்த்துத் தொங்கவிட்டுக்கொண்டார். "தப்புத்தானுங்க மொதலாளி. கையக் கழுவாமப் புடிச்சுட்டேன்."

"ஏண்டா சடையா, நாலு பேரு முன்னால மானத்த வாங்கறியா?" தண்டாயுதபாணிக்குக் கோபத்தை இறக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. "கையே கழுவத் தெரியாதவன் எனக்குக் கேட்டுல எதுக்கு? நாளையில இருந்து எரு அள்ளப் போ. கேட்ட வேற ஆளு பாக்கட்டும்."

"செரிங்க."

'செரிங்க'. அவ்வளவுதான். அவள் பிறந்ததிலிருந்து கேட்கும் வார்த்தை. செங்கல் சூளையில், கரும்புக் காட்டில், பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் முன்னால். செரிங்க, செரிங்க, செரிங்க. அவளுக்குக் காது சூடாகியது.

சிவபிரகாஷ் அவள் பக்கம் சாய்ந்தான். "ஒரு 'ஆமா' சொல்லு. வேலை ஆர்டர் கார்லயே இருக்குது."

ஆமாங்க என்றால் போதும். ஏழு நேர்முகத் தேர்வுக்குப் பிறகு ஒரு 'ஆமாங்க'. அப்பாவே கொடுத்துவிட்டது. எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

"ஒரு நிமிஷமுங்க," என்றாள். இரண்டு காலி ஜாடிகளையும் மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். எதற்கென்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. நின்றால் கத்திவிடுவாள் என்பது மட்டும் தெரிந்தது.

குழிக்கு வெளியே முட்டை லாரி ஒன்று நின்றிருந்தது. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. டிரைவர் ஜெரால்ட், சேலத்துக்காரர், வாரம் இரண்டு நடை வருபவர், லாரியின் பக்கவாட்டில் குந்தி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

"அண்ணா, அது என்ன தண்ணி?"

"பேட்டரித் தண்ணி. ஏன் தங்கச்சி?"

காய்ச்சி வடித்த தண்ணீர். நாமக்கல்லில் எந்த லாரியிலும் சீட்டுக்கடியில் ஒரு பாட்டில் உருளும்.

"கொஞ்சம் குடுங்கண்ணா."

"எதுக்கு, உங்க கோழிக்கு பேட்டரி இறங்கிப்போச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். வாய் நிறைய, சத்தமாக. கை உதட்டுக்குப் போகவில்லை. ஜெரால்ட் பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டு திரும்பியவளை குழியோரத்தில் ஒரு காக்கிச் சட்டை மறித்தது.

"உள்ள கொண்டு போகாத சாமி."

"அப்பா!"

"வெளித்தண்ணி."

"உன்னைய இப்பத்தான் எரு அள்ளப் போகச் சொன்னாரு. இன்னும் என்ன கேட்டு?"

"நாளையில இருந்துதான சொன்னாரு? இன்னிக்கு நாந்தான்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. ஜாடி இரண்டையும் கேட்டுத் தூணோரத் திண்டின் மேல் படாரென்று வைத்தாள். "சரி. உள்ள வரல. அவங்களை இங்க வரச் சொல்லு."

சொல்லவேண்டியிருக்கவில்லை. பெண்பிள்ளை பேச்சின் நடுவில் எழுந்து போன விசித்திரத்தைப் பார்க்கத் தண்டாயுதபாணியே வந்துகொண்டிருந்தார். பின்னால் மற்ற மூவர். கடைசியில் சிவபிரகாஷ், முகம் வெளுத்து.

"என்ன அம்மிணி நாடகம்?"

"ரெண்டு நிமிஷமுங்க. பாத்துட்டுப் பொறவு திட்டுங்க." ஒரு ஜாடியில் பேட்டரித் தண்ணீரை ஊற்றினாள். "அப்பா, கை குடு. இதுக்குள்ள விரலை விடு."

"வேண்டாஞ் சாமி..."

"விடு!"

கறை படிந்த விரல்கள் தண்ணீருக்குள் இறங்கின, ஏறின. அவள் இன்னொரு ஜாடியைத் தண்டாயுதபாணியிடம் நீட்டினாள். "நீங்களே உங்க கையால கொழாயில புடிச்சுக் குடுங்க. யாரும் தொடவேண்டாம்."

யாரும் அவரை வேலை ஏவி வருடக்கணக்காகியிருக்கும். ஒரு கணம் முறைத்தார். பிறகு, பண்ணைக்காரரின் ஆர்வம் ஜெயித்தது. குழாயைத் திறந்து பிடித்து வந்தார்.

இரண்டிலும் ஒரே அளவு ஊற்றினாள். இரண்டும் மஞ்சளாகின. கோழிகள் கேறின. ஜெரால்ட் எட்டிப் பார்த்தார். தண்டாயுதபாணி பிடித்து வந்த தண்ணீர் மங்கி, கலங்கி, சாம்பலாகியது. சடையனின் விரல் நனைந்த பேட்டரித் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது.

"கையில ஒண்ணுமில்லீங்க," என்றாள் இலக்கியா. "தண்ணியிலயும் கிருமி இல்ல. உப்புதான். இந்தத் துகள் எல்லாத்து மேலயும் ஒரே மாதிரி மின்சாரம் இருக்குது. அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளி விட்டுக்கிட்டு மெதக்குது. ரோட்டுல லாரி இடைவெளி விட்டுப் போகுதில்லீங்க, அந்த மாதிரி. உப்புத் தண்ணியில அந்தத் தள்ளு செத்துப் போகும். ஒண்ணு மேல ஒண்ணு மோதி ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா அது நானோ இல்ல. வெறும் வெள்ளித் தூசி. தொட்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கும்."

"பிரேக் பிடிக்கல," என்றார் ஜெரால்ட்.

"பிரேக் பிடிக்கலைங்கண்ணா."

தண்டாயுதபாணி இரண்டு ஜாடியையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். "இந்தச் சுத்து வட்டாரத்துல எல்லாத்துக்கும் இதே போர்த் தண்ணிதான். அப்ப நீங்க வித்த எடத்துல எல்லாம்?"

சிவபிரகாஷ் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள். "ஒம்பது பண்ணைங்க. எல்லா எடத்துலயும் நாங்க கொண்டு போன தண்ணியிலதான் காட்டுனோம். பேட்டரித் தண்ணி மாதிரி தண்ணி. நான்தான் காலையில கேன்ல புடிச்சு வெப்பேன். ஏமாத்தணும்னு புடிக்கல. ஆனா புடிச்சது நான்தான். முட்டைக்குள்ள போகுமான்னு கேட்டீங்க. அதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்க பாத்ததில்ல."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்று நினைத்தாள். இறங்கவில்லை.

சிவபிரகாஷ் சத்தம் போடவில்லை. குழியைச் சுற்றிப் போய்க் காரைத் திறந்தான். "நாளைக்கு ஆபீஸ் பக்கம் வந்துறாத," என்றான். பிறகு ஞாபகம் வந்தவனாய்த் திரும்பி வந்து கையை நீட்டினான். "லேசரைக் குடு."

கொடுத்தாள். கார் பின்வாங்கி, புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

தண்டாயுதபாணி அந்தப் புழுதி அடங்கும்வரை நின்றார். பண்ணைக்காரர்களிடம், "வாங்கப்பா, டீ குடிக்கலாம்" என்றார். இரண்டடி நடந்து, திரும்பாமலே குரல் கொடுத்தார். "சடையா, முட்டை லாரி எந்நேரம் நிக்கும்? சக்கரத்துக்கு மருந்தடிச்சு உள்ள விடு."

கேட்டு வேலையை அவர் திருப்பிக் கொடுத்தது அப்படித்தான். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்ற சொல் அவர் அகராதியிலேயே இல்லை. இலக்கியா அதற்காகக் காத்திருந்தாள். வராது என்று தெரிந்தும் காத்திருந்தாள்.

அதற்குப் பதில் வேறொன்று கேட்டார். "உப்புத் தண்ணியிலயும் நிக்கற மாதிரி செய்ய முடியாதா அம்மிணி?"

"மேல எதையாச்சும் பூசுனா நிக்கலாமுங்க. கஞ்சி, பசை, அந்த மாதிரி. செஞ்சு பாக்காமச் சொல்ல மாட்டேன்."

"ம்," என்று போய்விட்டார்.

சடையன் தெளிப்பானின் கைப்பிடியை அடித்துக்கொண்டே லாரிச் சக்கரங்களைச் சுற்றி வந்தார். மகளைப் பார்க்கவில்லை. நாலாவது சக்கரத்தில் நின்றார்.

"எதுக்கு சாமி வாயத் தொறந்த?"

"என்ன?"

"எரு அள்ளுனா கை அழுகியா போயிரும்? ஒரு வாரம் அள்ளச் சொல்லுவாரு, பொறவு அவரே கூப்புடுவாரு. அந்தக் காயிதத்த நீ வாங்கியிருக்கலாம். ஒன்றர வருசம் ஊட்டுல உக்காந்து எலும்புந் தோலுமா ஆயிட்ட. மறுபடியும் உக்காரப் போற."

நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை.

"நீ கையக் கழுவுனியா இல்லியா?"

"மூணு தடவ. சோப்புப் போட்டு."

"அப்புறம் ஏன் கழுவலைன்னு சொன்ன?"

"உனக்கு வேல வேணுமில்ல."

"எனக்கு அந்த வேலை வேண்டாம்!" அவள் கத்தியதில் லாரிக்குள் ஏறப்போன ஜெரால்ட் படியிலேயே நின்றார். "ஏம்ப்பா நீயே போய் விழுவற? யாராச்சும் தள்ளறதுக்கு முன்னாடியே ஏன் விழுவற?"

சடையன் தெளிப்பானைத் தாழ்த்தினார். தெளிப்பானின் நுனியிலிருந்து ஊதாத் துளிகள் சொட்டின. "காலையில சாப்புடல தான நீ?" என்றார்.

"இல்ல."

"பொய் சொன்ன."

"ஆமா."

"லைனுக்குப் போ. அம்மா களி கிண்டி வெச்சிருக்கறா."

அவள் போகவில்லை. ஜெரால்ட் கொடுத்த, இப்போது காலியான பேட்டரித் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். கேட்டுக் குழாயில் கழுவி, நிரம்ப நிரம்பப் பிடித்தாள். மூடியை இறுக்கினாள். பேனாவால் லேபிளின் மேல் எழுதினாள்: தண்டாயுதபாணி பண்ணை, போர் 1100 அடி. தேதி. இதை எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போவது? கல்லூரியில் அவளை உள்ளே விடுவார்களா? ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் போன் எடுப்பாரா? ஒன்றும் தெரியவில்லை. முழங்கால் ஆடியது. ஆடட்டும் என்று விட்டாள்.

பையின் அடியிலிருந்து போனை எடுத்தாள். தவறிய அழைப்புகள் ஆறு. எல்லாம் ஒரே பெயர். அழுத்தினாள்.

"யாருங்க?" என்றது எதிர்முனை, கடுப்பாக.

"நானோ கவசம் விக்க வந்த பொண்ணுங்க. இலக்கியா."

"ஓ, இப்பத்தான் உங்களுக்குப் போன் எடுக்கத் தெரியுதா? ஏம்மா, தொட்டிக்கு அடியில..."

"சாம்பலாத் தூங்குது. தெரியுமுங்க. அது உங்க தப்பில்ல, அளவு சரியாத்தான் போட்டிருப்பீங்க. நாங்கதான் தப்பாக் காட்டுனோம். அதை இனிமே ஊத்தாதீங்க."

எதிர்முனையிலும் கோழிகள் கேறின, இங்கே போலவே.

"நேர்ல வாம்மா. வந்து இதை என் மூஞ்சிக்கு நேராச் சொல்லு."

"சேந்தமங்கலத்துக்கே வாரேனுங்க. உங்க கொழாத் தண்ணியில ஒரு பாட்டில் புடிச்சு வெய்யுங்க. எனக்கு வேணும்."

சடையன் லாரிக்காகக் கேட்டைத் திறந்து பிடித்தார். லாரி சக்கரத்தை ஊதாத் தண்ணீரில் இறக்கி, குலுங்கி, ஏறி உள்ளே போனது. அவள் எதிர்த் திசையில் நெடுஞ்சாலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள், கையில் பாட்டிலோடு. பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"சேந்தமங்கலத்துக்கா? அங்க கேட்டுல தொட்டி இருக்கும். மிதிச்சுட்டு உள்ள போ சாமி. அந்தப் பாட்டில மட்டும் வெளியவே வெச்சுட்டுப் போ."